சுவருக்கு எதுக்கு சார் கோட்டும் சூட்டும்?

'எலிவேஷன்' என்ற சொல்லை எங்கள் ஆமத்தூர்ப் பக்கம் இப்போது பாட்டிமார்களே சரளமாகச் சொல்கிறார்கள். முன்பெல்லாம் யாராவது வீடு கட்டினால், "எத்தனை ரூமு? கிழக்கு வாசலா? போர்ல எத்தனை அடியில தண்ணி?" என்று விசாரிப்பார்கள். இப்போது அஸ்திவாரத்துக்குக் குழி தோண்டும்போதே, "எலிவேஷன் என்ன போடப் போறீக?" என்று ஆரம்பித்துவிடுகிறார்கள்.

எலிவேஷன் என்றால் பயப்பட வேண்டாம். வீட்டின் முன்பக்கம், அவ்வளவுதான். தெருவில் போகிறவர்கள் பார்ப்பது அது ஒன்றைத்தான். உள்ளே குடியிருக்கிறவர்கள் பார்க்காததும் அது ஒன்றைத்தான். யாரோ பார்ப்பதற்காக நாம் வட்டி கட்டுகிற ஒரே முதலீடு இதுதான் என்று எழுத நினைத்தேன். பிறகு கல்யாண மண்டபம் ஞாபகத்துக்கு வந்தது.

விருதுநகரிலிருந்து சிவகாசிக்குப் பஸ்ஸில் போகிறவர்கள் ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். ஒரு வீட்டில் சாம்பல் கலர் டைல்ஸ். அடுத்த கடையில் பளபளவென்று அலுமினியத் தகடு. அதற்கடுத்த வீட்டில் செங்கல் மாதிரியே இருக்கும் டைல்ஸ். உள்ளே நிஜச் செங்கல் இருக்கிறது சார்! அதை சிமெண்ட் பூசி மறைத்துவிட்டு, அதன் மேல் செங்கல் படம் போட்ட டைல்ஸை ஒட்டியிருக்கிறார்கள். சொந்த முகத்தை மூடி, அதன் மேல் சொந்த முகத்தையே முகமூடியாக மாட்டிக்கொண்ட கதை.

என் சித்தப்பா மகன் சிவகாசியில் ஒரு காலண்டர் பிரஸ்ஸில் கணக்கு எழுதுகிறான். ஆமத்தூரில் 800 சதுர அடியில் வீடு கட்டிக்கொண்டிருந்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை செல்போனை நீட்டி, "அண்ணே, இதப் பாருங்க. கான்ட்ராக்டர் அனுப்பினது" என்றான். முப்பரிமாணப் படம். வீட்டு வாசலில் வெளிநாட்டுக் கார். முன்னால் பச்சைப் புல்வெளி. மேலே சுவிட்சர்லாந்து வானம். ஆமத்தூரில் எனக்குத் தெரிந்து இந்த மூன்றும் கிடையாது. படத்தில் ஆமத்தூர்க்காரச் சாமான் என்று ஒன்று இருந்தால் அது அந்தச் சுவர்தான். அதையும் டைல்ஸ் மூடியிருந்தது.

"தங்கச்சியப் பொண்ணு பாக்க தைக்குள்ள வருவாக. வீட்டப் பாத்துத்தானண்ணே மதிப்பாக?" என்றான்.

இந்தக் கேள்வியைச் சிரித்துத் தள்ள முடியாது. இதைப் படிக்கிற பாதிப் பேருக்கு இது சொந்தப் பிரச்னை. ஆகவே பி.காம். படித்த பாவத்துக்கு, சுவருக்கு வெளியே என்னென்ன போடலாம் என்று ஒவ்வொன்றாக விசாரித்தேன். கூட இருந்து விளக்கியவர் எங்கள் கொத்தனார் அண்ணாச்சி. அவர் படித்த காலேஜ் சாரம், மெடல் கரணை.

*

முதலில் நம்ம சுண்ணாம்பு. பொங்கலுக்குப் பொங்கல் வெள்ளையடித்து, கீழே காவிப்பட்டை இழுத்து வளர்ந்த ஊர்தான் இது. சுட்ட சுண்ணாம்பைத் தொட்டியில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் அடுப்பே இல்லாமல் கொதிக்கும். (வேடிக்கை பார்க்கிற பிள்ளைகளைத் தள்ளி நிறுத்துங்கள். கண்ணில் தெறித்தால் வேடிக்கை இல்லை.) அதில் கொஞ்சம் கஞ்சி, உப்பு, நீலம் கலந்து அடிப்பார்கள். சுவரில் ஏறிய சுண்ணாம்பு காற்றில் இருக்கிற கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு மறுபடி சுண்ணாம்புக் கல்லாகவே ஆகிவிடுகிறது. அதாவது நாம் அடிப்பது பெயிண்ட் இல்லை, மெல்லிய கல்.

மலிவு. வெயிலில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும். சுவருக்குள் இருக்கும் ஈரம் வெளியே போக வழி விடும். குறை என்னவென்றால், சாய்ந்தால் சட்டையில் ஒட்டும். ஆபீஸ் போகிற அவசரத்தில் பின்பக்கம் முழுக்க வெள்ளையோடு பஸ் ஏறியவர்கள் நம்மில் எத்தனையோ பேர். மழைக்குக் கரையும். வருஷா வருஷம் அடிக்க வேண்டும்.

இதன் பணக்கார அண்ணன் செட்டிநாட்டுப் பூச்சு. சுண்ணாம்பு, மணல், கடுக்காய், வெல்லம், முட்டை வெள்ளைக்கரு என்று படிப்படியாகப் பூசித் தேய்த்து, கண்ணாடி மாதிரி ஆக்குவார்கள். "நம்ம வீட்டுக்கும் பூசலாமாண்ணே?" என்றான் தம்பி. "பூசலாம். நாமக்கல்லுக்குத் தந்தி அடிச்சு கோழிகளுக்கு முன்கூட்டியே சொல்லி வைக்கணும்" என்றார் அண்ணாச்சி.

ஆனால் ஒரு விஷயத்தை அவர் சீரியஸாகச் சொன்னார். தாத்தா காலத்துச் சுண்ணாம்புச் சுவர் இருந்தால், அதன் மேல் சிமெண்ட் பூசி 'ஸ்ட்ராங்' ஆக்குகிறேன் என்று கிளம்பாதீர்கள். உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற முடியாமல் சுவருக்குள்ளேயே தங்கி, சில வருஷத்தில் பூச்சு பாளம் பாளமாகப் பெயரும். பழைய சுவருக்குப் பழைய மருந்துதான்.

அடுத்தது சிமெண்ட். இது நம்ம வட்டாரத்துப் பிள்ளை. ஆர்.ஆர்.நகரில் ராம்கோவின் முதல் ஆலை 1960-களின் தொடக்கத்தில் வந்தது. ஆலங்குளத்தில் அரசு சிமெண்ட் ஆலை. புதுச் செங்கல் சுவருக்கு சிமெண்ட் பூச்சுதான் சட்டை, அதன் மேல் அடிக்கிற பெயிண்ட் இஸ்திரி. சட்டை கிழிந்திருந்தால் இஸ்திரி போட்டுப் பிரயோஜனம் இல்லை.

பூச்சில் எல்லாரும் கோட்டை விடுவது கலவையில் இல்லை, தண்ணீரில். பூசிய பிறகு குறைந்தது 7 நாள் சுவரை நனைக்க வேண்டும். லாரித் தண்ணீர் விலை கொடுத்து வாங்குகிற ஊரில் இரண்டாம் நாளே, "போதும்பா, காஞ்சிருச்சு" என்று நிறுத்திவிடுகிறோம். சிமெண்ட் காய்ந்து கெட்டியாவதில்லை சார், தண்ணீர் குடித்துத்தான் கெட்டியாகிறது. அது கிடைக்காத பூச்சு மயிரிழை மயிரிழையாக வெடிக்கும். விரலால் தேய்த்தால் மணலாக உதிரும். "தண்ணி காட்டாத சுவத்துக்கு எந்தப் பெயிண்ட அடிச்சாலும், காய்ச்சக்காரனுக்குப் பவுடர் போட்ட மாதிரிதான் தம்பி" என்றார் அண்ணாச்சி.

பூச்சு முடிந்ததும் உடனே பெயிண்ட் டப்பாவைத் திறக்கவும் கூடாது. புதுப் பூச்சில் காரம் இருக்கும். ஒரு மாதமாவது ஆறவிட்டால்தான் பெயிண்ட் உரியாமல் நிற்கும். கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்துவிட்டு அதற்கு முந்தின வாரம் பூசுகிறவர்களுக்கு இந்த வரியைத் தடித்த எழுத்தில் போட வேண்டும்.

பெயிண்டில் இரண்டு ஜாதி. ஸ்னோசெம் என்று நாம் பொதுப்பெயராகவே ஆக்கிவிட்ட சிமெண்ட் பெயிண்ட் ஒன்று. ஈரச் சுவரில் அடித்து, பிறகும் ஓரிரு நாள் தண்ணீர் தெளிக்க வேண்டும். மலிவு, ஆனால் நாளாக ஆகப் பொடியும். இன்னொன்று வெளிச்சுவர் எமல்ஷன். விலை ஜாஸ்தி, மழையைத் தாங்கும், கழுவலாம். எதுவானாலும் கலர் வெளிர் நிறமாக இருக்கட்டும். இப்போதைய ஃபேஷன் கரும்சாம்பல். சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொடுகிற ஊரில் வீட்டுக்குக் கறுப்புக் கோட்டு மாட்டுவது வக்கீலுக்கே கஷ்டம்; சுவர் என்ன பாவம் செய்தது?

*

இனி கோட்டு சூட்டு ரகங்கள்.

டைல்ஸ். அழகு. மழைக்கு அசையாது. ஈரத்துணியால் துடைத்தால் புதுசு. ஆனால் சுவரில் ஒட்டும் விதம் தெரிந்திருக்க வேண்டும். விட்ரிஃபைட் டைல்ஸ் தண்ணீரை உறிஞ்சாது. அதனாலேயே வெறும் சிமெண்ட் பாலை அது பிடிப்பதும் இல்லை. நாலு மூலையில் நாலு உருண்டை கலவை வைத்து அப்பிவிட்டுப் போனால் பின்னால் காலியிடம் நிற்கும். பகலெல்லாம் வெயிலில் விரிந்து, சாயங்காலம் ஒரு மழையில் சட்டென்று சுருங்கி, அந்தக் காலியிடத்தில் தண்ணீரும் இறங்கினால், ஒருநாள் டைல் கீழே வரும். யார் தலைக்கு என்பது அவரவர் ஜாதகம். தேவையான இடத்தில் அதற்கென்று உள்ள பசையால் முழுப்பரப்பும் ஒட்டி, இடையில் இணைப்புக்கு இடைவெளி விடச் சொல்லுங்கள். முடிந்ததும் ஒரு நாணயத்தால் தட்டிப் பாருங்கள். 'டொக்' என்றால் காலி.

அலுமினியத் தகடு. கடைகளில் பார்க்கிறோமே, அது வெறும் அலுமினியம் இல்லை. இரண்டு மெல்லிய தகடுகளுக்கு நடுவே பிளாஸ்டிக். லண்டனில் கிரென்ஃபெல் டவர் என்ற 24 மாடிக் குடியிருப்புக்கு, பழைய கட்டடம் புதுசாகத் தெரியட்டும் என்று இந்த மாதிரித் தகடு போர்த்தினார்கள். 2017 ஜூன் 14 அதிகாலையில் ஒரு வீட்டுச் சமையலறையில் பிடித்த தீ, வெளிச்சுவரைப் பற்றிக்கொண்டு மேலே ஏறியது. 72 பேர் இறந்தார்கள். அடுத்த வருஷமே இங்கிலாந்தில் உயரமான புதுக் குடியிருப்புகளின் வெளிச்சுவரில் எரியக்கூடிய பொருள் கூடாது என்று சட்டம் கொண்டுவந்தார்கள்.

தீ எப்படிப் பரவும் என்று எங்கள் வட்டாரத்துக்கு யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. பட்டாசுக் கொட்டகைகளுக்கு நடுவே ஏன் அவ்வளவு இடம் விடுகிறார்கள் என்று இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்த அறிவு ஏனோ கடைக்கு முகப்பு வைக்கும்போது மட்டும் லீவு போட்டுவிடுகிறது. தகடுதான் வேண்டும் என்றால், தீ பரவாத நடுப்பகுதி கொண்ட ரகமா என்று கேட்டு, பில்லில் எழுதி வாங்குங்கள். மாடியில் குடியிருப்பு இருக்கும் கட்டடம் என்றால் அந்த ஆசையே வேண்டாம்.

பிளாஸ்டிக் பட்டை. அமெரிக்காவில் பல வீடுகளுக்குச் சுவரே மரச்சட்டம்தான். அதன் மேல் வினைல் பட்டையை வரிசையாக அடித்து மழையிலிருந்து காப்பாற்றுகிறார்கள். அவர்களுக்கு அது தேவை. இந்தப் பட்டை சுமார் 70 டிகிரி சூட்டில் இளகிவிடும். எதிர் வீட்டு நவீனக் கண்ணாடி ஜன்னலில் பட்டுத் திரும்பிய வெயிலில் சுவர்ப்பட்டை நெளிந்துபோன கேஸ்கள் அங்கே உண்டு. எதிர் வீட்டுக்காரன் கண் பட்டு நம்ம வீடு உருகுவதை விஞ்ஞானமே ஒப்புக்கொண்ட ஒரே இடம் இதுதான். பூசணிக்காய் கட்டினாலும் நிற்காது. நமக்கோ சுவரே செங்கல். மழைக்கோட்டுக்கு மேல் மழைக்கோட்டு எதற்கு?

ஒன்றும் போடாமல் விடுவது. இதுவும் ஒரு ரகம் சார்! லாரி பேக்கர் என்று ஓர் இங்கிலாந்துக்காரர் திருவனந்தபுரத்தில் குடியேறி, 2007-ல் மறையும்வரை பூசாத செங்கல் வீடுகளாகக் கட்டித் தள்ளினார். 'எலிப்பொறி' என்று ஒரு கட்டு முறையைப் பரப்பினார். செங்கலை நிறுத்திவைத்து நடுவே பொந்து விட்டுக் கட்டுவது. செங்கலில் சுமார் கால்வாசி மிச்சம், பொந்தில் நிற்கும் காற்று சூட்டையும் குறைக்கும். ஆனால் இதற்கு நன்றாக வெந்த, ஒரே அளவான செங்கல் வேண்டும். கை சுத்தமான கொத்தனார் வேண்டும். "பூச்சு இருக்குங்கிற தைரியத்துலதான் தம்பி பாதிப் பேரு கட்டுறான்" என்று அண்ணாச்சி ரகசியத்தை உடைத்தார்.

*

இப்போது என் டிபார்ட்மெண்ட். பேப்பரை எடுத்துக்கொள்ளுங்கள்.

40-க்கு 20 அடி வீடு. சுற்றளவு 120 அடி. சுவர் உயரம் 10 அடி. ஜன்னல், கதவைக் கழிக்காமல் வெளிச்சுவர் 1,200 சதுர அடி. கணக்குக்காக எமல்ஷன் சதுர அடிக்குக் கூலியோடு 20 ரூபாய், டைல்ஸ் 120 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் ஊர் ரேட்டைப் போட்டு நீங்களே மாற்றிக்கொள்ளுங்கள்.

எமல்ஷன் 24,000 ரூபாய். 5 வருஷத்துக்கு ஒரு தடவை அடித்தால் வருஷத்துக்கு 4,800. டைல்ஸ் 1,44,000 ரூபாய். 30 வருஷம் நிற்கும் என்றால் வருஷத்துக்கு அதே 4,800!

தம்பி துள்ளிக் குதித்தான். "பாத்தீங்களாண்ணே, ரெண்டும் ஒண்ணுதான்!" கணக்கு எழுதுகிறவனே இப்படி ஏமாந்தால் மற்றவர்கள் கதி? டைல்ஸுக்கு இன்றைக்கே 1,20,000 கூடுதலாகக் கொடுக்க வேண்டும். அது பையில் இல்லை, லோனில் இருக்கிறது. 9 சதவீதம் என்றால் முதல் வருஷ வட்டி மட்டும் 10,800 ரூபாய். பெயிண்டின் வருஷச் செலவைப் போல இரண்டு மடங்குக்கு மேல். நாளைக்குப் பெயிண்ட் விலை ஏறும், வாஸ்தவம். ஆனால் அதை ஏறின சம்பளத்தில் அடிப்போம். வட்டியை இன்றைய சம்பளத்தில் கட்ட வேண்டும்.

இன்னொரு கணக்கும் சொல்கிறேன். 2024-ல் தொடங்கிய கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 360 சதுர அடி வீட்டுக்கு அரசு தரும் தொகை 3.5 லட்சம். நம் டைல்ஸ் செலவு அதில் நூற்றுக்கு 41 பங்கு. ஒரு குடும்பத்தின் வீட்டில் ஐந்தில் இரண்டு பங்கை நாம் சுவருக்கு வெளியே ஒட்டுகிறோம்.

*

இத்தனைக்கும் பிறகு அண்ணாச்சி தரையைக் காலால் தட்டினார். "மேல என்ன ஒட்டுறதுன்னு அடிச்சுக்கிறீகளே, கீழ என்ன இருக்குன்னு பாத்தீகளா?"

கீழே கரிசல். எங்கள் பக்கத்து வீடுகளின் நிஜ வில்லன். ஐப்பசி மழையில் உப்பும். பங்குனி வெயிலில் கை நுழைகிற அளவுக்குப் பாளம் விடும். மண் ஏறி இறங்கும்போது வீடும் ஏறி இறங்கும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடுகிற வெடிப்பைப் பார்த்திருப்பீர்கள். அது பூச்சின் தப்பில்லை, பெயிண்டின் தப்பில்லை. அடியில் இருக்கிற மண்ணின் கையெழுத்து. அதன் மேல் டைல்ஸ் ஒட்டினால் அடுத்த கோடையில் டைல்ஸும் வெடிக்கும்.

கரிசலில் கட்டுகிறவர்கள் அஸ்திவாரத்தில் கஞ்சத்தனம் செய்யக்கூடாது. ரூர்க்கியில் உள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் இந்த மண்ணுக்கென்றே, அடியில் குடை மாதிரி விரிந்த கான்கிரீட் தூண் முறையை உருவாக்கியிருக்கிறது. உங்கள் மண்ணுக்கு அது தேவையா, அல்லது ஆழமாகத் தோண்டி மண் மாற்றி, கம்பி போட்ட பெல்ட் ஓட்டினால் போதுமா என்பதை ஓர் இன்ஜினீயரிடம் கேளுங்கள். எலிவேஷன் படத்துக்குக் கொடுக்கிற காசில் இந்த யோசனையை வாங்கிவிடலாம்.

ஏற்கெனவே கட்டிய வீடு என்றால் ஒரு மலிவான சோதனை. வெடிப்பின் இரண்டு முனையிலும் பென்சிலால் கோடு போட்டு, பக்கத்தில் தேதி எழுதுங்கள். ஒரு கோடை, ஒரு மழைக்காலம் பாருங்கள். கோட்டைத் தாண்டாவிட்டால் நிரப்பிப் பெயிண்ட் அடிக்கலாம். தாண்டினால் பெயிண்ட் கடைக்குப் போகாதீர்கள், இன்ஜினீயரிடம் போங்கள்.

தம்பி ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். பிறகு வழிக்கு வந்தான். பெல்ட் கம்பியைக் கூட்டினான். எல்லா ஜன்னலுக்கும் அகலமாக சன்ஷேடு போட்டான். 7 நாள் சுவருக்குத் தண்ணீர் ஊற்றினார் சித்தி, பேரனைக் குளிப்பாட்டுகிற மாதிரி. வெளியே வெள்ளை எமல்ஷன். மொட்டை மாடிக்கும் வெள்ளை, ஏனென்றால் ஒரு மாடி வீட்டில் சுவரைவிட மாடிதான் அதிகம் வேகும். டைல்ஸ் ஆசைக்காக, மழைச்சாரல் மண்ணோடு தெறிக்கிற அடிப்பாகத்தில் மட்டும் இரண்டு அடி.

தையில் பெண் பார்க்க வந்தார்கள். வேனிலிருந்து இறங்கிய மாப்பிள்ளையின் அம்மா வீட்டை அண்ணாந்து பார்ப்பார் என்று நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அந்தம்மா நேரே உள்ளே வந்து உட்கார்ந்து, முறுக்கைக் கையில் எடுத்துக்கொண்டு கேட்ட முதல் கேள்வி:

"இங்க தண்ணி எத்தன நாளைக்கு ஒருக்க வரும்?"

சம்பந்தம் முடிந்துவிட்டது. மாப்பிள்ளைக்குச் சாத்தூரில் வேலை.

நீங்களும் வீடு கட்டப் போகிறவராக இருந்தால், காசை இந்த வரிசையில் இறக்குங்கள். முதலில் மண்ணுக்கு. அடுத்து சன்ஷேடுக்கும் மாடிக்கும். மூன்றாவது, பூச்சுக்கும் அதற்கு ஊற்றுகிற தண்ணீருக்கும். நாலாவது, வெளிர் நிறப் பெயிண்டுக்கு. இத்தனையும் போக லோன் வாங்காத காசு மிச்சம் இருந்தால், தாராளமாக டைல்ஸ் ஒட்டுங்கள். பார்த்து ரசிக்க நானும் வருகிறேன்.

வீட்டுக்கு முகம் ஒன்றுதான். முதுகும் விலாவும் சேர்த்து மூன்று. எது தெருப்பக்கம் என்று வெயிலுக்கும் மழைக்கும் இன்னும் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.